வரியே வராத மனுசனிடம் பிடித்த வரி

வைப்பு வட்டியில் வரியென்று பிடித்த காசைப் பற்றிக் கேட்டால், "பயப்படாதீங்க, அந்தக் காசைத் திருப்பி எடுக்கலாம்" என்று வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து சொல்வது லேசு. எடுத்துப் பார்த்தால் தெரியும்.

என் அத்தான் மட்டக்களப்புப் படுவான்கரைக்காரர். நெல் ஆலையில் வேலை செய்தபோது வலது கை முழங்கையோடு போய்விட்டது. நட்டஈட்டுக் காசோடு அக்காவின் நகை விற்றதையும் சேர்த்து 15 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டார்கள். நூற்றுக்கு எட்டு வட்டி. மாதம் 10,000 வரும், வீடு அதில்தான் ஓட வேண்டும். வருவது 9,000. மிச்சம் 1,000 வரியாம்!

உடற்காயத்துக்கு நட்டஈடாகக் கிடைக்கும் மொத்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. அதே காசு வங்கியில் இருந்து வட்டி தந்தால் அந்த வட்டி வருமானம். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் வரை உழைக்கிறவருக்கு வரியே இல்லை. அதற்கு முன் அந்த எல்லை 12 இலட்சம். அத்தானின் வருட வட்டி 120,000. அந்த 18 இலட்சத்தில் பதினைந்தில் ஒரு பங்கு!

கொடுமை என்னவென்றால், வட்டி கைக்கு வருமுன்பே வங்கி பிடித்துக்கொள்ளும் நிறுத்திவைத்தல் வரியை 5 வீதத்திலிருந்து 10 வீதமாக ஏற்றியதும் அதே ஏப்ரல் 1இல்தான். வரி கட்டத் தேவையில்லாதவர்களின் தொகையைக் கூட்டிவிட்டு, அவர்களிடம் பிடிப்பதை இரட்டிப்பாக்கிய புத்திசாலி யார்? அந்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளின் மாதக் கொடுப்பனவை 7,500இலிருந்து 10,000 ஆக்கினோம் என்ற பெருமை வேறு. (அத்தானின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அது வேறு கதை.)

பிடிக்காமல் இருக்க வழி இருக்கிறது. வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று சுய பிரகடனப் படிவம் ஒன்றை வங்கிக்குக் கொடுத்தால் போதும். வைப்புத் திறந்த அன்று ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு நாங்களாகக் கேட்டுப் போனால் டின் நம்பர் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) வேண்டும் என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டி மறுபடி வந்தால், கையெழுத்து பழையதோடு ஒத்துவரவில்லையாம். எப்படி ஒத்துவரும்? பழையது வலது கையால் போட்டது! அந்தக் கை இல்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அடையாள அட்டையில் இருக்கிற முகமும் அதே முகம். ஆனாலும் "மெனேஜர் வரட்டும்". மெனேஜர் கூட்டத்தில். வாசலில் ஓட்டோக்காரர் காத்து நிற்கிறார், அவருக்கும் காசு ஏறுகிறது.

கடைசியில் பெருவிரல் அடையாளம் வைத்து வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் பிடிக்க மாட்டார்களாம். ஏற்கெனவே பிடித்தது? "அது எங்களிடம் இல்லை, இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது."

அதை மீட்க வேண்டுமானால் வரி மதிப்பாண்டு மார்ச் 31இல் முடியும் வரை பொறுத்திருந்து, வங்கியிடம் வரி பிடித்த சான்றிதழ் வாங்கி, வருட வருமானத்தைக் கணக்குக் காட்டும் வருமான வரி விபரத்திரட்டு நிரப்பி, மீளளிப்புக் கேட்க வேண்டும். வரியே வராத மனுசன், பெரிய கம்பனி முதலாளி மாதிரி விபரத்திரட்டு நிரப்ப வேண்டும்! காசு கொடுத்து ஆள் பிடித்து நிரப்பினால், திரும்பி வருகிற காசில் பாதி அவருக்கே போய்விடும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் பலர் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவார்கள் என்று தெரிந்துதான் இந்த ஏற்பாடோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

பிடிக்கும்போது ஒரு கேள்வி கேட்காமல் பிடிக்கிற கம்பியூட்டருக்கு, திருப்பித் தரும்போது மட்டும் எத்தனை கடதாசி வேண்டியிருக்கிறது! இந்தப் பிரகடனமும் ஒரு தடவையோடு முடிவதில்லை. அடுத்த மதிப்பாண்டுக்கு மறுபடி கொடுக்க வேண்டும். போன கை அதற்குள் முளைத்துவிடுமா?

வைப்புத் திறக்க வருகிறவரிடம் அன்றே அந்தப் படிவத்தையும் நீட்டினால் என்ன குறைந்துபோகும்? காப்புறுதித் துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணிக்க மட்டும் ஒருநாளும் மறப்பதில்லையே.