பூனைக்குக் கோபமில்லை, பெட்டிதான் சின்னது

வீட்டுப் பூனை நம்மேல் உள்ள கோபத்தில்தான், மலம், மூத்திரம் போக நாம் வைக்கும் மணல் பெட்டிக்கு வெளியே போகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அபாண்டம்! நாலு காலும் உள்ளே இருந்தும் மூத்திரம் மட்டும் விளிம்பைத் தாண்டி விழுந்தால் பெட்டி சின்னது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளமானதை வையுங்கள். கடையில் விற்பவற்றில் பல தேறாது. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். மணல் 5 முதல் 7 செ.மீ. ஆழம். மணலை விட்டுப் பெட்டியின் சுவரையே பிறாண்டினால் முதலில் அழுக்கையும் மணலின் வாசனையையும் சந்தேகப்படுங்கள். வெளியே போன இடத்தில் பினாயில் ஊற்றாதீர்கள், பூனைக்கு விஷம். மூத்திர வாடையைச் சிதைக்கும் நொதி கலந்த என்சைம் கிளீனர் போடுங்கள். வாடை மிச்சமிருந்தால் மறுபடி அங்கேயே போகும்.

கட்டுரை விட்டுவிட்ட ஒன்று: கடுவன் பூனை அடிக்கடி பெட்டியில் குந்தி முக்கியும் சொட்டுக்கூட வராவிட்டால், மலச்சிக்கல் என்று காத்திருக்காதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.