ஆப்த மித்ரா பயிற்சியும் அரசு வேலையும்

"ஆப்த மித்ரா பயிற்சி முடித்தால் பேரிடர் துறையில் அரசு வேலை உறுதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. இது பேரிடர் நேரத்தில் உதவ ஊர்மக்களுக்குப் பயிற்சி தரும் தன்னார்வலர் திட்டம். வெள்ள அபாயம் அதிகமுள்ள 30 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பேர் என்று 2016-இல் தொடங்கியது. பிறகு 350 மாவட்டங்களுக்கு விரிந்தது. பயிற்சி, சான்றிதழ், அடையாள அட்டை, மீட்புக் கருவிப் பை, காப்பீடு கிடைக்கும். சம்பளம் கிடையாது.

தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் இது குறுக்குவழி அல்ல. அதற்கு எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றிலிருந்துதான் ஆட்களை அயல்பணியில் (தற்காலிகமாக வேறு படைக்கு மாற்றி) எடுக்கிறார்கள்.

சரி, பேரிடர் துறையில் வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் படகு ஓட்டுவதைவிட வெள்ளத்துக்கு முந்தைய வேலைதான் அதிகம். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், படுக்கையில் இருக்கும் முதியவர்கள் யார் வீட்டில், எச்சரிக்கை அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வரைபடம் போட வேண்டும். சமூகப்பணி, புவியியல், ஜிஐஎஸ் (கணினி வழி வரைபடத் தொழில்நுட்பம்) படித்தவர்களுக்கு இதில் இடமுண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மைக்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது. ஆனால் தொண்டு நிறுவனங்களில் பல பணிகள் ஒப்பந்த அடிப்படைதான். திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குத் தாராளமாகப் போங்கள், வேலைக்கான உத்தரவாதமாக மட்டும் எண்ணாதீர்கள்.