பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு கோட்டிங்

அந்த ரீல்ஸ் லிங்கை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நாலு தடவை பார்த்துவிட்டேன். இங்கிலாந்தின் பெக்ஸ்ஹில் கடற்கரையில், டி லா வார் பெவிலியன் என்ற பழைய கான்கிரீட் கட்டடத்தின் முன்னால் ஒருவர் நின்றுகொண்டு, அதன் ரிப்பேர் செலவைப் பற்றி, "பெயின்ட் உரிஞ்ச பஸ் ஸ்டாண்டு. ரெண்டு கோட்டிங் வெள்ளை அடிச்சா முடிஞ்சுது, இதுக்குப் போய் இவ்வளவு செலவா?" என்று சிரிக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருக்கும் சிவில் இன்ஜினியர்களும் உண்டு. அதுதான் உறைக்கிறது.

பஸ் ஸ்டாண்டு என்றது பரவாயில்லை. 2012-ல் ரிச்சர்ட் வில்சன் என்ற சிற்பி நிஜ அளவிலேயே ஒரு பஸ்ஸின் நகலை அந்தக் கூரை விளிம்பில் ஏற்றி, பாதியை அந்தரத்தில் நீட்டி வைத்தார். பஸ்ஸையே தாங்கிய கட்டடம் கிண்டலைத் தாங்காதா? அந்த "ரெண்டு கோட்டிங்"தான் ஆகாது.

கடலோரக் கான்கிரீட்டுக்கு பெயின்ட் மருந்து இல்லை. உப்பு உள்ளே இருக்கிறது, நீங்கள் வெளியே பூசுகிறீர்கள். உப்பிலிருக்கும் குளோரைடு உள்ளே இருக்கும் கம்பிவரை இறங்கி, சிமென்ட் எடையில் 0.4 சதவீதத்தை நெருங்கினால் துருவுக்குத் தயாராகிவிடலாம் என்பது சைட்டில் புழங்கும் கணக்கு. துருவானது, தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் கவரை, அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை, உடைத்துத் தள்ளும். நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 கடலோரத்துக்கு 45 மி.மீ. கவர் கேட்கிறது, அலைத்தூவல் படும் இடத்துக்கு 50. ஒல்லியான விளிம்புகளுக்கு ஆசைப்பட்ட அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் 25 தேறினாலே பெரிய விஷயம். இதன்மேல் மூச்சுவிடாத பெயின்டை அடித்தால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடுத்த மழைக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

சரி, அந்தச் செலவு எங்கே போகிறது? முதலில் சுத்தியல். சுவர் முழுக்கத் தட்ட வேண்டும். "டிங்" என்றால் நல்லது, "டொப்" என்றால் உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. உடைத்த புது முகத்தில் பினால்ப்தலீன் என்ற ரசாயனத்தைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் ரோஸ் ஆகும், கார்பனேஷன் ஆன பகுதி, அதாவது காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரத்தன்மை போன பகுதி, நிறம் மாறாது. உப்பை அது காட்டாது. அதற்கு டிரில் போட்டு, ஆழம் ஆழமாகப் பொடி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பிறகு கெட்ட இடத்தைச் சுற்றி 10 மி.மீ. ஆழத்துக்குக் கட்டர் போட்டு நேர்விளிம்பு, கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ.வரை குடைவு. கான்ட்ராக்டர் கைவைப்பது இங்கேதான். முன்பக்கத்துக்கு மட்டும் வயர் பிரஷ் போட்டுவிட்டு, பின்பக்கத் துருவோடேயே மார்ட்டரை அப்பிவிடுவார்கள். ஒழுங்காகச் செய்தாலும் ஒரு வினை பாக்கி இருக்கிறது. புது மார்ட்டருக்குள் கம்பி பத்திரமாகிவிடும், அரிப்பு, ஒட்டுப்போட்ட பேட்சுக்கு வெளியே, உப்பு மிச்சமிருக்கும் பழைய கான்கிரீட்டுக்குள் நகர்ந்து அங்கே உடைக்கும். அதனால்தான் பேட்ச் விளிம்பில் கம்பியோடு சேர்த்துத் துத்தநாக ஆனோடு கட்டுவது. கம்பிக்குப் பதிலாக அது கரையும். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஐயா பெயின்ட்!

டி லா வாரில் உள்ளே இருப்பது வெறும் கம்பி இல்லை, வெல்டிங்கில் இணைத்த எஃகுச் சட்டம். ரிவெட்டே ஆண்டுகொண்டிருந்த காலத்தில் ஃபீலிக்ஸ் சாமுவேலி என்ற இன்ஜினியர் துணிந்து செய்தது. சட்டம் துருப்பிடிக்க விட்டால் பேட்ச் வேலை பேசவே முடியாது.

செல்ஃபி எடுக்கிறீர்களே, "கப்பல் மாதிரி" என்று, அந்தக் குழாய்க் கைப்பிடி? இந்த வகைக் கட்டடம் எதிலும் அதன் கால் தளத்துக்குள் புதையும் இடத்தில் குனிந்து பாருங்கள். குழாயைச் சுற்றி நூல்போல ஒரு விரிசல், அதிலிருந்து காவிநிறத்தில் ஒரு கோடு இறங்கும். தண்ணீர் நுழையும் வாசல் அது. அழகுக்கு வைத்ததே ஓட்டையும் ஆகிறது. அதன்மேல் வெள்ளை அடித்தால் கோடு மறையும், ஆறு மாதத்துக்கு.

"2005-ல்தான் பெரிசாப் புதுப்பிச்சாங்களே" என்பவர்களுக்கு: 2005-லிருந்து கடல் லீவு போட்டுவிட்டதா?

"டிசைனே தப்பு, கடலோரத்தில் எவனாவது மொட்டைக் கூரை போடுவானா" என்கிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இதை வடிவமைத்த இருவரில் ஒருவரான எரிக் மெண்டல்சோன் பாட்ஸ்டாமில் கட்டிய ஐன்ஸ்டீன் கோபுரம் கான்கிரீட்போல் தெரியும், உள்ளே பெரும்பாலும் செங்கல். சில வருடங்களிலேயே ஈரம் புகுந்து ரிப்பேருக்கு வந்தது. ஆனால் சரிவு ஒழுங்காக இருந்து, வடிகால் வாயில் பறவைக் கூடு அடைக்காமல் பார்த்துக்கொண்டால் மொட்டைக் கூரையும் நிற்கும். குற்றம் கூரையில் பாதி, ஏணி வைத்து ஏறாதவர்களிடம் பாதி.

"வெள்ளைக்காரன் கட்டடத்துக்கு உனக்கென்ன?" என்று இன்பாக்ஸில் ஒருவர். யார் வெள்ளைக்காரன்? மெண்டல்சோன் 1933-ல் ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு வந்த யூதர். கூட இருந்த செர்ஜ் செர்மாயெஃப் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். 1934 போட்டியில் 230-க்கு மேற்பட்ட வடிவமைப்புகளில் இவர்களுடையது ஜெயித்தபோது, அந்நியனுக்கா வேலை என்று அங்கே இருந்த பாசிஸ்டுகள் கூச்சல் போட்டார்கள். சோஷலிஸ்டான ஒரு பிரபு மேயராக இருந்து, சாதாரண ஜனங்கள் கடலைப் பார்த்து உட்கார ஒரு படிப்பறை, அரங்கு, மாடி என்று விடாப்பிடியாகக் கட்டினார். 1935 டிசம்பரில் திறந்தார்கள். இவ்வளவையும் ஒரு "பஸ் ஸ்டாண்டு"க்குள் அடக்கிவிட்டார் நம் நண்பர்.

பாணிக்கு அரசியல் சாயம் பூசுகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் 1929-ல் எழுந்த நாட்டிகோ கிளப்பும் இதே வெள்ளைக் கப்பல்தான். அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஐஸ்புருவா, ஃபலாங்கே என்ற ஸ்பானிய பாசிஸ்ட் கட்சிக்காரர். 1936-ல் உள்நாட்டுப் போரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பக்கம் அகதி யூதர், இன்னொரு பக்கம் ஃபலாங்கேக்காரர், இரண்டு பேரும் கட்டியது ஒரே மாதிரிக் கைப்பிடி. துரு இரண்டு பேரையும் கட்சி பார்த்துத் தின்பதில்லை.

யாரையும் பிளாக் பண்ணப் போவதில்லை. சிரிப்புப் பொம்மை போட்ட இன்ஜினியர்கள் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: இப்போது நடக்கிற உங்கள் சைட்டில் கவர் பிளாக் எத்தனை மி.மீ.? விளக்கம் வேண்டாம், எண்ணை மட்டும் கமென்டில் போடுங்கள்.