சீட்டில் எட்டு இடம், கடற்கரையில் இருபது நிமிடம்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், "கன்னியாகுமரி, ஒரே நாள், எட்டு இடம்" என்று சீட்டை நீட்டுகிறவர்களிடம் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. குறள் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் அவர், 133 அதிகாரங்களுக்காக 133 அடியில் நிற்கும் வள்ளுவரின் காலடியில் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் கொந்தளித்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு விடமாட்டார்கள் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். 2024 டிசம்பரில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே போய்விடலாம் என்று தெம்பாகக் கிளம்பினோம்.

ஐந்து மணிக்குப் புறப்படும் என்ற வேன், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி, திருப்பரங்குன்றம் என்று ஆள் ஏற்றிவிட்டு மதுரையைத் தாண்டும்போது மணி ஏழரை. விருதுநகரைக் கடந்ததும் ஓர் உணவகத்தில் ஒரு மணி நேரம், கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க அரை மணி நேரம். சுசீந்திரம் போனபோது நடை சாத்தியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகாவது நேராகக் கடற்கரைக்குப் போவார்கள் என்று பார்த்தால், சங்கும் சிப்பிமாலையும் விற்கும் ஒரு கடையின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் உள்ளே போய்விட்டார். யாரும் எதுவும் வாங்காமலே ஐம்பது நிமிடம் அங்கே கழிந்தது. படகு நேரம் முடிந்துவிடும் என்று நான் மூன்று முறை போய்ச் சொன்னேன். கமிஷன் தரும் கடைக்கு இருக்கிற நேரம், காசு கொடுத்து வந்த கிழவிக்கு இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகுச் சீட்டு கொடுப்பதை நிறுத்தி, கம்பிக் கதவை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். "அம்மா, இங்கேருந்தே நல்லாத் தெரியுதுல்ல?" என்றார் ஓட்டுநர். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணுக்கு மேல் நிழல் கொடுத்துக்கொண்டு பார்த்தார். "விடுய்யா, சண்டை போடாத" என்று என் கையைப் பிடித்து இழுத்தாரே தவிர, பார்வையை எடுக்கவில்லை. சூரியன் மறைவதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று கேட்டதற்கு, இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்று ஹாரன் அடித்தார்கள். 1948இல் காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் முன் மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில் எழுந்த மண்டபத்தை, ஓடும் வண்டியின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை மணிக்குப் போவீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள், படகில் ஏற்றுவீர்களா மாட்டீர்களா என்பதை அந்தச் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுங்கள் என்று மறுநாள் அவர்கள் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்று பதில் வந்தது. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. திரும்பும் வழியில் ஓட்டுநரின் உதவியாள் அதை வாங்கிப் பேனாவால் சரிக்குறி போட்டுக் கொடுத்தான். எட்டு இடங்களுக்கும் குறி விழுந்திருக்கிறது, திருவள்ளுவர் சிலை உட்பட.