செயற்கைக்கோளுக்கு உங்கள் வண்டியைத் தெரியாது

திருடுபோன வண்டியைக் கண்டுபிடிக்கப் பொருத்தும் கருவியைப் பற்றி, "ஜிபிஎஸ் கருவிக்கு சிம் தேவையில்லை, செயற்கைக்கோளே வண்டி நிற்கும் இடத்தை போனுக்கு அனுப்பிவிடும், தரைக்கடியில் ஒளித்தாலும் காட்டிவிடும்" என்று சிலர் சொல்வது தவறு.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சிக்னலை ஒலிபரப்புகின்றன, அவ்வளவுதான். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி இடத்தைக் கணக்கிடுவது கருவி. அதை உங்களுக்கு அனுப்புவது பெரும்பாலும் கருவிக்குள் இருக்கும் சிம். ரீசார்ஜ் தீர்ந்தால் வரைபடத்தில் பழைய புள்ளிதான் நிற்கும். 2ஜி மூடப்பட்ட நாடுகளில் பழைய 2ஜி கருவி வெறும் டப்பா.

தரைத்தளத்துக்குக் கீழுள்ள பார்க்கிங்கிலும் இரும்புக் கன்டெய்னரிலும் ஜிபிஎஸ் சிக்னல் பெரும்பாலும் எட்டாது. சிக்னலை முடக்கும் ஜாமர் கருவி வைத்திருப்பவனிடம் சிம்மும் தோற்கலாம். ஆப்பிளின் சிறிய தேடும் வில்லையான ஏர்டேக் வேறு ரகம். அதில் ஜிபிஎஸ்ஸே இல்லை, பக்கத்தில் போகும் ஐபோன்கள் புளூடூத்தில் பிடித்துச் சொல்ல வேண்டும். தெரியாத டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கும் எச்சரிக்கை போகும்!

ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தும்போது ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் வண்டியின் கோளாறைப் பார்க்கச் செருகும் இடம்) செருகாதீர்கள், ஒரே இழுப்பில் கழன்றுவிடும். டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால், ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்த்திருக்க, ஃபியூஸ் போட்ட வயரில் இணையுங்கள். திருடன் வண்டி பேட்டரியைக் கழற்றினாலும் ஓட, கருவிக்குள் தனி பேட்டரி வேண்டும்.

புள்ளி சில மீட்டர் தள்ளியும் விழும், உயரக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். அதனால் புள்ளி காட்டும் வீட்டின் கதவை நீங்களே தட்டாமல், நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் கருவியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் போலீஸிடம் கொடுங்கள்.