வசதியாக உட்கார்ந்துகொண்டு எழுதுகிற ஆள் பேசுகிறேன்

சனிக்கிழமை இணைய இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப்போவதில்லை. காணொளியைப் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள், மீதிப் பேர் எனக்கு உள்பெட்டியில் அனுப்பிவிட்டீர்கள். "வெளிநாட்டில் வசதியாக உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு வலி என்றால் என்ன தெரியும்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. பேசியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர் கதைகளைப் படித்துத்தான் எழுத வந்தேன். அதனால்தான் நான்கு நாளாகத் தூக்கம் வரவில்லை.

எங்கே ஐயா உட்கார்ந்தேன்? முதல் இரண்டு வருடத்தில் ஐந்து அறை மாறினேன். வாடகை ஒப்பந்தத்துக்கு வங்கிக் கணக்கு கேட்டார்கள். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று. முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம். எழுதியதெல்லாம் ரயிலில் நின்றுகொண்டு, போனில், கட்டைவிரலால். என் முதல் தொகுப்பில் பத்திகள் சின்னதாக இருப்பதை ஒருவர் 'செறிவு' என்று பாராட்டி எழுதியிருந்தார். செறிவெல்லாம் இல்லை, அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும்.

சரி, இங்கே மட்டும் எங்களுக்கு மேசை போட்டா தருகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வருவது நேரத்தைப் பற்றி இல்லை, காதைப் பற்றி.

எழுதுகிற ஆளுக்குச் சோறு போடுவது காதுதான். பேருந்தில் பின்சீட்டில் யாரோ போனில் சண்டை போடுவதை நாம் கேட்க நினைக்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்நிய நகரத்தில் அது ஒரே நாளில் நின்றுபோகிறது. சுற்றிலும் அத்தனை பேர் பேசுகிறார்கள், எல்லாம் மழைச் சத்தம் மாதிரி. அப்புறம் மூன்றாவது வருடம் மொழி பிடிபட்டது. ஒருநாள் ரயிலில் பக்கத்தில் நின்ற பெண் தன் அம்மாவைப் பற்றித் தோழியிடம் குறைப்பட்டது முழுக்கப் புரிந்தது. சந்தோஷத்தில் இறங்க மறந்துவிட்டேன். அன்று இரவு எழுதிய கதையில் என் பாத்திரம் அந்தப் பெண்ணின் மொழியைத் தமிழ் எழுத்தில் பேசியது. அழித்துவிட்டேன். காது போனது ஒரு நஷ்டம், திரும்பி வந்தது இன்னொரு நஷ்டம். இதற்குப் பெயர் வசதி.

ரஷ்ய நாவலாசிரியர் நபகோவ் 1922 முதல் 1937 வரை பெர்லினில் இருந்தார். ஜெர்மன் சரளமாகப் பேச வந்துவிட்டால் தன் ரஷ்யன் பழுதாகிவிடுமோ என்று பயந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒதுங்கியிருக்க முடிந்தது, அந்த ஊரில் ரஷ்யப் பத்திரிகையும் பதிப்பகமும் இருந்தன. எனக்கு மேலாளர் சொல்வது புரியாவிட்டால் வேலை போய்விடும்.

ஐரிஷ் நாவலாசிரியர் ஜாய்ஸ் வெளியே போய்த்தானே தன் ஊரான டப்ளினை எழுதினார் என்று ஒரு தம்பி பின்னூட்டத்தில் வருவார். 'யுலிசஸ்' நாவலை எழுதினார் தம்பி. டிரியெஸ்ட், ஜூரிச், பாரிஸ் என்று அலைந்து, 1914 முதல் 1921 வரை. அப்போதும் ஒரு வீட்டு வாசல் கம்பியைத் தாண்டி ஒருவன் கீழே இறங்க முடியுமா என்று டப்ளினில் இருந்த அத்தைக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். மேதைக்கே அத்தை வேண்டியிருந்தது. நான் தங்கையிடம் கேட்டால் "கூகுள்ல பாரேன்" என்கிறாள்.

பாரதி 1908இல் போய்ப் பத்து வருடம் இருந்த புதுச்சேரியும் அன்றைக்குப் பிரெஞ்சு மண்தான், வெளிநாடுதான். சரி, இந்த வாதம் நிற்காது, அங்கே தெருவெல்லாம் தமிழ். வீம்புக்குச் சொன்னேன்.

"திரும்பி வரவேண்டியதுதானே" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. கடன் என் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயரில் இல்லை.

வலி என்றாரே, அதைச் சொல்கிறேன். வந்த வருடம் இடுப்பில் வலி. தமிழில் அதற்கு எத்தனை சொல்: குடைகிறது, குத்துகிறது, கடுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. மருத்துவர் முன்னால் என்னிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அவர் பொறுமையான மனுஷி. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றார். ஏழு என்றேன். உண்மையில் எட்டு. அவர்கள் மொழியில் எட்டு எனக்கு வாயில் நுழையவில்லை. நாவல் எழுதுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற ஆள், சொந்த இடுப்பைப் பற்றி ஒரு வாக்கியம் அமைக்க முடியாமல் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இதைவிட ஒரு எழுத்தாளனுக்கு என்ன வலி வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டியல் இருந்தால் அனுப்புங்கள், முயற்சி செய்கிறேன்.

இதையெல்லாம் அந்தக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கையைத் தூக்கித்தான் வைத்திருந்தேன், நாற்பது நிமிடம். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. நேரமில்லை என்றார்கள். கடைசியில் நன்றி சொல்லும்போது ஒவ்வொருவர் பெயராக வாசித்தார்கள், தேநீர் கொண்டுவந்து கொடுத்த பையன் பெயர் உட்பட. எங்கள் ஆறு பேரையும் மட்டும் 'வெளிநாட்டு நண்பர்கள்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்கள்.