தப்பித்த தரையிறக்கங்களுக்கு யார் பொறுப்பு?

விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் விழுந்தால் முதல் இரண்டு நாள் அந்தக் கேப்டன் தியாகி. விசாரணை அறிக்கை வந்த அன்று அதே ஆள் குற்றவாளி. 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோட்டில் நடந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்தில் இதைத்தான் பார்த்தோம். இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். ‘உயிரைக் கொடுத்துப் பயணிகளைக் காப்பாற்றியவர்’ என்று கண்ணீரோடு பகிர்ந்தவர்களே, அடுத்த வருடம் அறிக்கை வந்ததும் ‘எல்லாம் அவரால்தானாம்’ என்று பகிர்ந்தார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம்.

அறிக்கையில் இருப்பதை மழுப்ப வேண்டியதில்லை. மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. இது இரண்டாவது முயற்சி. கிட்டத்தட்ட பாதி ஓடுபாதை கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. ‘கோ-அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை. தவறு நடந்தது, விமானிகளிடம்தான் நடந்தது. சரி.

ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்பும் விமானத்தையும் அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டும். வேறு ஊருக்குத் திருப்பிக்கொண்டு போனால் அந்தப் பயணம் சிக்கலாகும். ஏன் அவரே ஓட்ட வேண்டும்? அந்தத் தளத்தில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன்தான் நியமிக்கப்பட்டிருந்தார். அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் யாரும் அன்று மழையில் விமானம் ஓட்டவில்லை. டிவி விவாதத்தில் அவர்கள் பெயரும் வரவில்லை.

பத்து வருடம் முன்னால் போங்கள். மங்களூரு, 2010 மே 22. அதே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், அதே மாதிரி மலைமேல் ஓடுபாதை. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். பயணத்தின் பெரும்பகுதி கேப்டன் தூங்கியிருக்கிறார். ஏரியா ரேடார் பழுது என்பதால் இறங்க ஆரம்பிக்கும் அனுமதியே தாமதமாகக் கிடைத்தது. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் வந்தது. துணை விமானி திரும்பத் திரும்ப கோ-அரவுண்ட் கேட்டார், எச்சரிக்கைக் கருவியும் கத்தியது, கேப்டன் இறக்கினார். துணை விமானி தானே கோ-அரவுண்டைத் தொடங்கலாமா என்பதில் விதிமுறைகளே குழப்பமாக இருந்தன என்று விசாரணை நீதிமன்றம் எழுதியது. இதைப் படித்த பிறகும் 2020-ல் ஒரு துணை விமானி வாயால் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தது என்றால், அது யாருடைய பிழை? இறந்துபோன அந்த இளைஞருடையதா?

இதற்குச் சிறைத் தண்டனை கொடுத்துப் பார்த்த நாடும் உண்டு. 2007 மார்ச் 7, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா. கருடா நிறுவனத்தின் விமானம் தாறுமாறான வேகத்தில் வந்தது. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை 15 முறை ஒலித்தது, துணை விமானியும் மேலே ஏறச் சொன்னார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி எரிந்து, 21 பேர் இறந்தார்கள். உயிர்தப்பிய கேப்டனுக்கு 2009-ல் இரண்டு வருடத் தண்டனை விதித்தார்கள், மேல்முறையீட்டில் அது ரத்தானது. இந்த எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சிமுலேட்டரில் அந்த நிறுவனம் பயிற்சியே கொடுத்திருக்கவில்லை என்பதும் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. ஆனால் கூண்டில் நின்றது கேப்டன் மட்டும்.

நான் இரக்கம் கேட்டு எழுதவில்லை. குடித்துவிட்டு ஓட்டினாலோ, பொய்யான உரிமத்தோடு ஏறினாலோ தாராளமாக உள்ளே தள்ளுங்கள். மற்றபடி, இறங்கிவிடலாம் என்று நினைத்து இறக்கியவரைத் தண்டிப்பதில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. அதே முடிவை எடுத்து நல்லபடியாக இறங்கியவர்களை நாம் ஒன்றும் கேட்பதில்லை.

அவர்கள்தான் பெரும்பான்மை. வேகமாகவோ உயரமாகவோ, ஒழுங்கு தப்பி வரும் விமானம் குறிப்பிட்ட உயரத்துக்குள் சரியாகாவிட்டால் கோ-அரவுண்ட் போக வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களிலும் எழுதப்பட்ட விதி. விமானப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆராய்ந்து பார்த்தபோது, அப்படி வந்தவற்றில் சுமார் 3 சதவீதம்தான் மேலே ஏறியிருந்தன. மிச்சமெல்லாம் இறங்கின, பயணிகளும் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவேளை கைகூடத் தட்டியிருப்பார்கள்! மாட்டிக்கொண்ட கேப்டன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அன்று ஓடுபாதை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விபத்து நடந்தால்தானே தெரியும் என்று நிறுவனங்கள் சொல்ல முடியாது. 27 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களை இயக்குபவர்கள் பறப்புத் தரவுகளை, அதாவது ஒவ்வொரு பயணத்திலும் பதிவாகும் வேகம், உயரம் போன்றவற்றை, தொடர்ந்து அலச வேண்டும் என்பது சர்வதேச விதி. எந்தத் தளத்தில் எத்தனை விமானங்கள் ஒழுங்கு தப்பி வந்து அப்படியே இறங்கின என்பது அலுவலகத்தில் கணினியில் இருக்கிறது. பொறுப்பு என்ற பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோ-அரவுண்ட் போனால் எரிபொருள் செலவு, தாமதம், அடுத்த பயணத்தில் குழப்பம். அப்படி மேலே ஏறிய கேப்டனை யாராவது குறை சொல்லி ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருந்தால் அடுத்த முறை அவர் போக மாட்டார்.

இந்தத் தரவை வைத்து விமானிகளைப் பழிவாங்கினால் அவர்கள் மறைக்கத்தான் பார்ப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான பயம். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் திட்டம் ஒன்றில் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள், நாசா அவர்கள் பெயரை நீக்கிவிடுகிறது. வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை 10 நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால் பொதுவாகத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. விபத்துக்கும் குற்றத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. விமானியின் பெயர் எனக்கும் வேண்டாம். நிறுவனத்தின் பெயர் வேண்டும்.

ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களை வெளியிடட்டும்: ஒழுங்கு தப்பி வந்த விமானங்கள் எத்தனை, அதில் மேலே ஏறியவை எத்தனை. டிக்கெட் வாங்கும்போது நேரத்துக்குப் போகும் சதவீதத்தைப் பெருமையாகக் காட்டுகிறார்களே, அதற்குப் பக்கத்திலேயே போடட்டும். முதல் வருடம் எண்கள் கேவலமாகத்தான் இருக்கும், பங்குதாரர்கள் கத்துவார்கள். கத்தட்டும்.